1 டெஸ்லா என்றால் எத்தனை நியூட்டன்? காந்தப்புல அலகிலிருந்து விசைக்கு வருவது எப்படி

இரண்டாமாண்டு

வணக்கம். வட்டத் தட்டு வடிவில் ஒரு நியோடிமியம் காந்தம் வைத்திருக்கிறேன். விட்டம் 20 மி.மீ., தடிமன் 5 மி.மீ. விவரத்தாளில் 1.2 டெஸ்லா என்று போட்டிருக்கிறது. இது ஓர் இரும்புத் தகட்டை எத்தனை நியூட்டன் விசையோடு பிடித்துக்கொள்ளும் என்று கணக்கிட வேண்டும்.

அலகு அட்டவணையில் 1 டெஸ்லா = 1 நியூட்டன் / (ஆம்பியர் × மீட்டர்) என்று இருக்கிறது. அப்படியானால் ஆம்பியராலும் மீட்டராலும் பெருக்கினால் நியூட்டன் வந்துவிட வேண்டும். ஆனால் என் காந்தத்தில் மின்னோட்டமே ஓடவில்லையே! ஆம்பியர் இடத்தில் எதைப் போடுவது? மீட்டர் என்பது விட்டமா, தடிமனா?

இன்னொரு சந்தேகம். காஸ் மீட்டரைக் காந்த முகத்தின் நடுவில் வைத்தால் சுமார் 2,700 காஸ்தான் காட்டுகிறது. 1.2 டெஸ்லா என்றால் 12,000 காஸ் வர வேண்டாமா?

அலகுமாணி

நண்பரே, டெஸ்லாவை நேராக நியூட்டனாக மாற்ற வழி கிடையாது. அடியை மீட்டராக மாற்றலாம், இரண்டும் நீளம். டெஸ்லா புலத்தின் அளவு. அந்தப் புலத்துக்குள் எதைக் கொண்டுபோய் வைக்கிறோம் என்று சொன்னால்தான் விசை என்ற கேள்வியே எழும்.

நீங்கள் பார்த்த அட்டவணை சொல்வது இதுதான்: புலத்துக்குச் செங்குத்தாக 1 மீட்டர் நீளக் கம்பி, அதில் 1 ஆம்பியர் மின்னோட்டம், அதன்மீது 1 நியூட்டன் விசை என்றால் அங்கே புலம் 1 டெஸ்லா. சூத்திரமாக எழுதினால், விசை = புலம் × மின்னோட்டம் × நீளம் × சைன் தீட்டா (தீட்டா என்பது கம்பிக்கும் புலத்துக்கும் இடைப்பட்ட கோணம்). கம்பி இல்லாமல் ஒற்றைத் துகள் ஓடினால், விசை = மின்னூட்டம் × திசைவேகம் × புலம் × சைன் தீட்டா. கூலூம் பெருக்கல் மீட்டர்/நொடி என்பதும் ஆம்பியர் பெருக்கல் மீட்டர் என்பதும் ஒரே அலகு. ஆகவே இரண்டும் ஒரே சூத்திரத்தின் இரண்டு முகங்கள்.

அளவு மனதில் பதிய சில எண்கள்:

பூமியின் காந்தப்புலம் இடத்துக்கு இடம் சுமார் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா. 50 மைக்ரோடெஸ்லா என்று கொள்வோம். 10 ஆம்பியர் ஓடும் 1 மீட்டர் கம்பியைச் செங்குத்தாகப் பிடித்தால் விசை 0.0005 நியூட்டன். கையில் உணரவே முடியாது.

மறுகோடிக்குப் போவோம். செர்ன் ஆய்வகத்தின் பெரிய ஹாட்ரான் மோதியில் புரோட்டான்களை வளைக்கும் காந்தங்களின் வடிவமைப்புப் புலம் 8.33 டெஸ்லா, மின்னோட்டம் சுமார் 11,850 ஆம்பியர். வடத்தின் மீது முழுப் புலமும் செங்குத்தாக விழுகிறது என்று கொண்டால் மீட்டருக்குச் சுமார் 98,700 நியூட்டன், அதாவது பத்து டன் எடை. அதே புலத்தில் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓடும் ஒரு புரோட்டான் மீது விசை 4 × 10⁻¹⁰ நியூட்டன்தான். ஆனால் புரோட்டானின் எடை 1.6 × 10⁻²⁶ நியூட்டன் என்பதை நினைத்துப் பாருங்கள்! புலம் ஒன்றே, உள்ளே வைத்த பொருளைப் பொறுத்து விசை தலைகீழாக மாறுகிறது.

உங்கள் கேள்வியில் உள்ளே வைப்பது கம்பியும் இல்லை, துகளும் இல்லை, இரும்பு. அதற்குச் சூத்திரம் வேறு.

நேர்வழி

இரும்புக்கு: விசை = புலத்தின் வர்க்கம் × பரப்பு ÷ (2 × மியூ நாட்). மியூ நாட் என்பது வெற்றிடத்தின் உட்புகுதிறன், 4 பை × 10⁻⁷. பரப்பு 3.14 × 10⁻⁴ சதுர மீட்டர், புலம் 1.2. விடை 180 நியூட்டன். அதாவது 18 கிலோ பிடிக்கும்.

சுருள்கம்பி

> நேர்வழி எழுதியது: விடை 180 நியூட்டன். அதாவது 18 கிலோ பிடிக்கும்.

சூத்திரம் சரி. அதில் இட்ட 1.2 தான் சரியில்லை. காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவே உள்ள இடைவெளியில் உண்மையாக நிலவும் புலம் எதுவோ அதைத்தான் அந்தச் சூத்திரம் கேட்கிறது. விவரத்தாளில் இருக்கும் 1.2 டெஸ்லா அந்தப் பொருளின் காந்தத் தேக்குத்திறன். காந்தப்பாயம் (புலம் × பரப்பு) வெளிக்காற்றில் இறங்காமல் முழுக்க இரும்புக்குள்ளேயே சுற்றி வந்தால் மட்டும் கிடைக்கும் உச்ச மதிப்பு அது. 5 மி.மீ. தடிமனுள்ள தட்டைக் காந்தத்துக்கு அது கிட்டாது.

இரண்டாமாண்டு நண்பருக்கு முதலில் காஸ் மீட்டர் கணக்கு. தட்டுக் காந்தத்தின் முகத்தின் நடுவில், அச்சின்மீது:

புலம் = (தேக்குத்திறன் ÷ 2) × தடிமன் ÷ √(தடிமன்² + ஆரம்²)

தடிமன் 5, ஆரம் 10. வர்க்கமூலம் 11.18. ஆக 0.6 × 0.447 = 0.268 டெஸ்லா, அதாவது 2,680 காஸ். உங்கள் மீட்டர் காட்டியதும் இதுதான். மீட்டரும் விவரத்தாளும் வெவ்வேறு விஷயத்தைச் சொல்கின்றன, இரண்டும் சரி.

இப்போது தடித்த இரும்புத் தகட்டில் ஒட்டுவோம். நல்ல இரும்பு காந்தத்துக்கு ஒரு கண்ணாடி போல நடந்துகொள்ளும். தகட்டுக்கு அந்தப் பக்கம் அதேபோல் இன்னொரு காந்தம் ஒட்டியிருப்பதாக எண்ணிக் கணக்குப் போடலாம். ஆகவே தொடும் முகத்தில் புலம் அப்படியே இரட்டிப்பாகும்: 0.537 டெஸ்லா. இதை நேர்வழி கொடுத்த சூத்திரத்தில் இட்டால் 36 நியூட்டன், சுமார் 3.7 கிலோ எடை.

இதுவும் ஒரு மதிப்பீடுதான். நடு அச்சில் உள்ள புலத்தை முகம் முழுவதற்கும் வைத்துக்கொண்டோம். விளிம்பருகே புலம் இதைவிட வலுவானது, விசை வர்க்கமாக ஏறுவதால் உண்மை விடை 36-ஐத் தாண்டும். ஆனால் 180-க்குப் பக்கத்தில் வராது.

இனி உங்கள் மூலக் கேள்வி: ஆம்பியர் எங்கே போயிற்று? மியூ நாட்டின் அலகு நியூட்டன் / ஆம்பியர்². டெஸ்லாவின் வர்க்கம் நியூட்டன்² / (ஆம்பியர்² × மீட்டர்²). பரப்பால் பெருக்கினால் மீட்டர்² அடிபட்டு நியூட்டன்² / ஆம்பியர்² மிஞ்சும். அதை மியூ நாட்டால் வகுத்தால் ஆம்பியர்² அடிபட்டு ஒரே ஒரு நியூட்டன் நிற்கும். கையால் ஒரு தடவை எழுதிப் பாருங்கள். நீங்கள் தேடிய ஆம்பியர் உண்மையில் காந்தத்துக்குள்ளேயே இருக்கிறது: எலக்ட்ரான்களின் தற்சுழற்சியும் சுற்றுப்பாதை இயக்கமும். அதை நாம் தனியாக அளப்பதில்லை, புலத்தின் வழியாகவே கணக்கில் வந்துவிடுகிறது.

பரப்பால் பெருக்காமல் விட்டால் அதே கோவை அழுத்தத்தைத் தரும். 1 டெஸ்லா என்றால் 3.98 லட்சம் பாஸ்கல், ஏறக்குறைய நான்கு வளிமண்டல அழுத்தம். 10 டெஸ்லா என்றால் அதைப்போல் நூறு மடங்கு. உயர்புல மின்காந்தங்களைக் கட்டுபவர்கள் சுருள் கிழிந்துவிடாமல் எஃகுப் பட்டையால் இறுக்கிக் கட்டுவது இதனால்தான்.

இரண்டாமாண்டு

இப்போது புரிகிறது, நன்றி அண்ணா. அப்படியானால் காற்றில் ஒரு புள்ளியில் காஸ் மீட்டர் காட்டும் எண் தெரிந்தால், அங்கே வைக்கும் சின்ன இரும்புத் துண்டின் மீதான விசையும் தெரிந்துவிடுமா? பெரிய காந்தத்துக்குச் சற்றுத் தள்ளியும், சிறிய காந்தத்துக்கு மிக அருகிலும் மீட்டர் ஒரே எண்ணைக் காட்டுகிறது. ஆனால் சிறிய காந்தத்தின் அருகேதான் ஆணியை அதிகம் இழுக்கிறது.

நுண்சரிவு

இந்தக் கேள்விக்காகவே இந்த இழையில் எழுதுகிறேன். ஒரு புள்ளியில் புலம் எவ்வளவு என்பது மட்டும் போதாது. பக்கத்துப் புள்ளியில் அது எவ்வளவு மாறுகிறது என்பதுதான் இழுக்கும்.

சின்னத் துண்டை ஒரு காந்த இருமுனையாகக் கருதினால், விசை = காந்தத் திருப்புத்திறன் (அந்த இருமுனையின் வலிமை) × புலத்தின் சரிவு. திருப்புத்திறனின் அலகு ஆம்பியர் மீட்டர்², சரிவின் அலகு டெஸ்லா / மீட்டர். பெருக்கினால் ஆம்பியர் × மீட்டர் × டெஸ்லா, அதாவது நியூட்டன். சிறிய காந்தத்தின் அருகே புலம் வெகு வேகமாகக் குறைகிறது, சரிவு செங்குத்து. பெரிய காந்தத்தின் தொலைவில் புலம் அதே அளவு இருந்தாலும் சரிவு மென்மையானது.

புலம் எங்கும் சமமாக இருந்தால், அதாவது சீரான புலமென்றால், இழுவிசை சுழியம். வடமுனையை ஒரு பக்கம் தள்ளும் அளவுக்கே தென்முனையை எதிர்ப்பக்கம் தள்ளும். மிஞ்சுவது திருப்பு விசை மட்டும். திசைகாட்டி முள் வடக்கு நோக்கித் திரும்புகிறதே தவிர வடக்கு நோக்கி நகர்வதில்லை. இதை 1581-லேயே ராபர்ட் நார்மன் என்ற ஆங்கிலேயக் கருவி வினைஞர் காட்டிவிட்டார்: தக்கையில் செருகிய காந்த ஊசியைத் தண்ணீருக்குள் மிதக்கவிட்டார், அது திரும்பியது, இடம்பெயரவில்லை.

எம்.ஆர்.ஐ. அறையின் ஆபத்தையும் இதை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். குழாயின் மையத்தில் 3 டெஸ்லா இருந்தாலும் அங்கே புலம் மிகச் சீரானது, இரும்பை இழுக்கும் விசை கிட்டத்தட்ட இல்லை. நீண்ட இரும்பாக இருந்தால் பிடித்துத் திருப்பும், அவ்வளவுதான். குழாயின் வாய்ப்பகுதியில்தான் புலம் சட்டென்று சரிகிறது, பொருள்கள் பறப்பது அங்கே. ஒரு கணக்கு: முழுத் தெவிட்டு நிலைக்கு வந்த, அதாவது இதற்குமேல் காந்தமாக முடியாத இரும்பின் காந்தமாக்கம் மீட்டருக்குச் சுமார் 17 லட்சம் ஆம்பியர். சரிவு மீட்டருக்கு 5 டெஸ்லா என்றால் ஒவ்வொரு கன மீட்டருக்கும் 85 லட்சம் நியூட்டன். இரும்பின் எடை கன மீட்டருக்குச் சுமார் 77,000 நியூட்டன். ஆக இரும்பின் சொந்த எடையைப்போல் நூறு மடங்குக்கும் மேலான விசை. ஸ்பேனரோ ஆக்ஸிஜன் உருளையோ, பொருள் எதுவானாலும் இந்த விகிதம் மாறாது. அறைக்கு வெளியே எழுதியிருக்கும் எச்சரிக்கையை யாரும் அலட்சியம் செய்யக்கூடாது என்று நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த எண்ணை வைத்துத்தான்.

தண்ணீர் போன்ற டயா காந்தப் பொருளுக்குத் திருப்புத்திறனே புலத்துக்கு விகிதமாக, எதிர்த்திசையில் பிறக்கும். அதனால் விசை புலம் × சரிவு என்ற பெருக்கலைப் பொறுத்தது. தண்ணீரைப் புவியீர்ப்புக்கு எதிராகத் தாங்க இந்தப் பெருக்கல் மீட்டருக்குச் சுமார் 1,360 டெஸ்லா² வர வேண்டும். 1997-ல் நெதர்லாந்தின் நைமெகனில் ஆந்த்ரே கெய்ம் குழு சுமார் 16 டெஸ்லா காந்தத்துக்குள் உயிருள்ள தவளையை மிதக்கவிட்டது இப்படித்தான்.

பழைய நூலகம்

ஒரு சந்தேகம். என்னிடம் இருக்கும் பழைய பாடநூலில் இழுவிசைச் சூத்திரம் புலத்தின் வர்க்கம் × பரப்பு ÷ 8 பை என்று இருக்கிறது. மியூ நாட் என்ற பேச்சே இல்லை. எது சரி?

அலகுமாணி

இரண்டும் சரி. உங்கள் நூல் சி.ஜி.எஸ். முறையில் எழுதப்பட்டது. புலம் காஸ், பரப்பு சதுர சென்டிமீட்டர், விடை டைன். 10,000 காஸை இட்டுப் பாருங்கள்: 10⁸ ÷ 25.13 = 39.8 லட்சம் டைன் / சதுர சென்டிமீட்டர். 1 டைன் 10⁻⁵ நியூட்டன், ஆகவே 3.98 லட்சம் பாஸ்கல். சுருள்கம்பி சொன்ன அதே எண்.

டெஸ்லா என்ற பெயர் சர்வதேச அலகு முறையில் ஏற்கப்பட்டதே 1960-ல்தான். அதற்கு முந்தைய நூல்களில் காஸ் இருக்கும், அல்லது வெபர் / சதுர மீட்டர் என்று இருக்கும். 1 வெபர் / சதுர மீட்டர் = 1 டெஸ்லா.

நேர்வழி

காஸையே ஒழித்துவிட்டால் இந்தத் தொல்லை இருக்காது. 10,000-ஆல் வகுத்துவிட்டு மறந்துவிடலாம்.

நுண்சரிவு

ஒழியாது. காந்தம் விற்பவர்களின் விவரத்தாளிலும் வானியற்பியல் கட்டுரைகளிலும் இன்றைக்கும் காஸ்தான் புழங்குகிறது. அதோடு, 10,000-ஆல் வகுத்தால் புலத்தின் எண் மட்டும்தான் மாறும், சூத்திரம் மாறாது. மாணவர்கள் சறுக்குவது இங்கேதான்: காஸில் அளந்த புலத்தை நேராக டெஸ்லா சூத்திரத்தில் இட்டால் கம்பி விசை பத்தாயிரம் மடங்கு கூடும், வர்க்கம் வரும் இழுவிசையில் பத்துக் கோடி மடங்கு கூடும். காஸ் புழங்கும் காசியன் (சி.ஜி.எஸ்.) முறையில் துகள் மீதான விசையை எழுதும்போது ஒளியின் வேகத்தால் வகுக்க வேண்டும் என்பதும் உண்டு. ஒரு கணக்கை எந்த முறையில் தொடங்கினோமோ அதிலேயே முடிப்பதுதான் பாதுகாப்பு. கடைசி விடையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

காந்தமாக்கும் புலத்தை (H) அளக்கும் எர்ஸ்டெட் என்ற அலகையும் பார்ப்பீர்கள். காற்றில் 1 காஸ் இருக்கும் இடத்தில் 1 எர்ஸ்டெட் இருக்கும், எண் ஒன்றாகவே வரும். ஆனால் அது மீட்டருக்கு 79.6 ஆம்பியர். இரும்புக்குள் போனால் இரண்டும் பிரிந்துவிடும். விசைச் சூத்திரத்தில் எர்ஸ்டெட்டை இடக்கூடாது.

மோட்டார்க்காரர்

தம்பி, மோட்டார் வேலையில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நாங்கள் ஒவ்வொரு கம்பிக்கும் புலம் × மின்னோட்டம் × நீளம் என்று உட்கார்ந்து கூட்டுவதில்லை. அதையெல்லாம் ஒரே எண்ணில் அடக்கிவிடுவோம்: ஆம்பியருக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் திருப்பு விசை. ஒலிபெருக்கி செய்பவர்களுக்கும் இப்படி ஓர் எண் உண்டு: இடைவெளியில் உள்ள புலத்தையும் சுருள் கம்பியின் மொத்த நீளத்தையும் பெருக்கினால் டெஸ்லா மீட்டர், அதுவே ஆம்பியருக்கு இத்தனை நியூட்டன். 7 டெஸ்லா மீட்டர் என்றால் ஓர் ஆம்பியருக்கு 7 நியூட்டன், வேறு மாற்றமே வேண்டாம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இது. டி.சி. மோட்டாரின் திருப்பு விசை மாறிலி ஆம்பியருக்கு 0.05 நியூட்டன் மீட்டர் என்றால், அதே மோட்டாரைச் சுழற்றும்போது பிறக்கும் எதிர் மின்னியக்கு விசையும் ரேடியன்/நொடி ஒன்றுக்கு 0.05 வோல்ட். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் 314 ரேடியன்/நொடி, 15.7 வோல்ட். விசையை அளக்கக் கருவி இல்லாத இடத்தில் மோட்டாரைச் சுழற்றி வோல்ட்மீட்டரால் அளந்து திருப்பு விசையைக் கண்டுபிடித்துவிடுவோம்.

பழைய நூலகம்

விசையும் மின்னழுத்தமும் ஒரே எண்ணில் வருவது தற்செயலா, அலகு முறை அப்படி அமைந்ததாலா?

சுருள்கம்பி

தற்செயல் இல்லை, ஆற்றல் அழிவின்மை. நேர்க் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். புலத்தில் அதை நகர்த்தினால் அதில் பிறக்கும் மின்னழுத்தம் = புலம் × நீளம் × வேகம். அதே கம்பியில் மின்னோட்டம் ஓடினால் விசை = புலம் × நீளம் × மின்னோட்டம். முதலாவதை மின்னோட்டத்தாலும் இரண்டாவதை வேகத்தாலும் பெருக்குங்கள்: ஒரு பக்கம் மின் திறன், மறுபக்கம் இயந்திரத் திறன், இரண்டும் சமம். ஆகவே டெஸ்லாவை நியூட்டன் / (ஆம்பியர் மீட்டர்) என்று எழுதினாலும் வோல்ட் நொடி / மீட்டர்² என்று எழுதினாலும் ஒன்றுதான்.

இதன் மிக அழகான பயன் கிப்பிள் தராசு. பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பிரையன் கிப்பிள் 1975-ல் முன்வைத்த யோசனை. சுருளில் மின்னோட்டம் செலுத்தி ஓர் எடையைத் தாங்கவைக்க வேண்டும்: எடை = புலம் × நீளம் × மின்னோட்டம். பிறகு அதே சுருளை அதே புலத்தில் நகர்த்தி மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் புலமும் நீளமும் அடியோடு மறைந்துவிடும்! இந்த இரண்டும்தான் துல்லியமாக அளக்கக் கடினமானவை. மிஞ்சுவது மின்னழுத்தம், மின்னோட்டம், வேகம், புவியீர்ப்பு முடுக்கம். 2019-ல் கிலோகிராம் பிளாங்க் மாறிலியைக் கொண்டு மறுவரையறை பெற்றதற்கு இந்தத் தராசின் அளவீடுகளும் அடிப்படை.

அதே ஆண்டு ஆம்பியரும் மாறியது. அதுவரை 1 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு முடிவிலா இணைக் கம்பிகளுக்கு இடையே மீட்டருக்கு 2 × 10⁻⁷ நியூட்டன் விசை தரும் மின்னோட்டம் என்று விசையை வைத்தே ஆம்பியரை வரையறுத்திருந்தார்கள். இப்போது எலக்ட்ரானின் மின்னூட்டத்தைக் கொண்டு. அதனால் மியூ நாட் இன்று அளந்தறியும் எண். ஆனால் 4 பை × 10⁻⁷ என்ற பழைய மதிப்பிலிருந்து விலகல் நூறு கோடியில் ஒரு பங்குகூட இல்லை, நம் கணக்குகளுக்குப் பழையதே போதும்.

இரண்டாமாண்டு

எல்லோருக்கும் நன்றி. என்னிடம் இருப்பது 1 மி.மீ. தகடு. தடித்த இரும்பு என்று சுருள்கம்பி அண்ணா சொன்னாரே, இதுவும் தடித்ததுதானா? விசையை எப்படி அளப்பது?

மோட்டார்க்காரர்

சுருள்வில் தராசைக் காந்தத்தில் மாட்டி முகத்துக்குச் செங்குத்தாக, நிதானமாக இழு. பக்கவாட்டில் சறுக்கினால் நீ அளப்பது உராய்வு, இழுவிசை ஆகாது. தகட்டில் பெயிண்ட் இருந்தால் சுரண்டிவிடு.

சுருள்கம்பி

1 மி.மீ. தகடு போதாது. காந்தத்திலிருந்து தகட்டுக்குள் நுழையும் பாயம் குறைந்தது 0.537 டெஸ்லா × 3.14 × 10⁻⁴ சதுர மீட்டர் = 1.69 × 10⁻⁴ வெபர். உள்ளே போன பாயம் முழுவதும் காந்தத்தின் விளிம்பைச் சுற்றி, தகட்டின் தடிமன் வழியாகத்தான் பக்கவாட்டில் வெளியேற வேண்டும். சுற்றளவு 0.0628 மீட்டர். சாதாரண மென் எஃகு சுமார் 1.6 டெஸ்லாவிலேயே தெவிட்டத் தொடங்கும் என்று கொள்ளுங்கள். 1.69 × 10⁻⁴ ÷ (0.0628 × 1.6) = 0.00168 மீட்டர். 1.7 மி.மீ.க்குக் குறைந்த தகடு இந்தக் காந்தத்தின் பாயத்தைச் சுமக்காது. மிச்சம் தகட்டைத் துளைத்துப் பின்புறம் கசியும், விசை குறையும். தகட்டின் பின்பக்கம் காஸ் மீட்டரை வைத்தால் கசிவு தெரியும். 3 மி.மீ. தகட்டில் அளந்து எண்ணை இங்கே போடுங்கள், விளிம்புப் புலத்தையும் சேர்த்து முழுக் கணக்கையும் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.